எண்ணுதலும் எண்ணிப்பார்த்தலும்

நுழையும்முன்

'எண்ணுதல்' என்னும் சொல்லுக்குக் கணக்கிடுதல், சிந்தித்தல் என இரு பொருள்கள் உண்டு. முதற்பணியைக் கணினி செய்துவிடும். இரண்டாம் பணி மனிதருக்கே உரியது. அட்டவணைச் செயலியையும் நிகழ்த்துதல் மென்பொருளையும் கற்கத் தொடங்கும் மாணவர் மனத்திற்கொள்ள வேண்டியது இவ்வேறுபாடே.

சந்தையில் பிறக்கும் கணக்கு

தமிழகத்தின் பெரிய காய்கறிச் சந்தைகளுள் ஒன்று, திண்டுக்கல் மாவட்டத்தின் ஒட்டன்சத்திரத்தில் உள்ளது. சுற்றுப்புறச் சமவெளியில் விளையும் முருங்கையும் தக்காளியும் இங்கு வந்து, கேரளத்திற்கும் செல்கின்றன. காய் அனுப்பும் உழவர் எடை, விலை, தரகு, வண்டி வாடகை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கலாம். ஆனால், 'செலவு போக ஒரு கிலோவுக்கு நின்றது எவ்வளவு? எந்த மாதத்தில் நட்டம்?' என்று கேட்டால், அக்குறிப்பேடு எளிதில் விடை தராது.

அட்டவணைச் செயலி விடை தரும். ஒரு கட்டத்தில் எடை, அடுத்த கட்டத்தில் விலை, மூன்றாம் கட்டத்தில் '=பி2*சி2' என்னும் வாய்பாடு. எடை 120 கிலோ, விலை 30 ரூபாய் எனில் 3,600 எனத் தோன்றும். விலையை 25 என மாற்றினால் அது 3,000 ஆகும். அதைச் சார்ந்த மொத்தமும் தானே மாறும். இவ்வசதிக்காகவே இக்கருவி பிறந்தது. கரும்பலகைக் கணக்கில் ஓர் எண் மாறினால் மற்றவற்றையும் அழித்தெழுத நேர்வதைக் கண்ட ஹார்வர்டு மாணவர் டான் பிரிக்லின், பாப் பிராங்ஸ்டனுடன் இணைந்து 1979இல் விசிகால்க் என்னும் செயலியை வெளிக்கொணர்ந்தார்.

வாய்பாட்டின் எல்லை

கருவி விரைவானது, ஆயினும், அது கேள்வி கேட்காது. நாடுகளின் கடனையும் வளர்ச்சியையும் ஒப்பிட்டுப் பொருளியல் அறிஞர்களான கார்மென் ரெயின்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அரசுகள் செலவைக் குறைக்க வேண்டும் என்போர் அதனை மேற்கோள் காட்டினர். வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கை மீண்டும் செய்த தாமஸ் ஹெர்ண்டன் என்னும் ஆய்வு மாணவர், 20 நாடுகளுக்கான சராசரியில் 5 நாடுகள் வாய்பாட்டின் எல்லைக்குள் சேராமல் விடுபட்டிருப்பதைக் கண்டறிந்தார். 2013இல் இது வெளியானபோது, அப்பிழையை அறிஞர்களும் ஒப்புக்கொண்டனர். கணினி தவறவில்லை, சொல்லப்பட்ட எல்லைக்குள் சரியாகவே கணக்கிட்டது. சரிபார்த்தவர் ஒரு மாணவர் என்பதே இங்கு நினைக்கத்தக்கது.

திரையில் மறைந்த செய்தி

நிகழ்த்துதல் மென்பொருளுக்கும் இது பொருந்தும். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் சிதைந்து, கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் உயிரிழந்தனர். இறக்கையில் நுரைத்துண்டு மோதியது குறித்த பொறியாளர்களின் மதிப்பீடு, விண்ணோடம் வானில் இருந்தபோதே படவில்லைகளில் மேலாளர்களுக்குக் காட்டப்பட்டிருந்தது. ஆபத்தை உணர்த்தும் செய்தியோ, துணைத் தலைப்புகளின் அடியில் சிறிய எழுத்துகளில் புதைந்திருந்தது. விசாரணைக் குழுவின் அறிக்கை இக்குறையைச் சுட்டிக்காட்டியது. எதை முதலில், எதைப் பெரிதாகச் சொல்வது என்பதை முடிவுசெய்ய வேண்டியவர் பேசுபவரே. வண்ணமும் அசைவும் அதற்குப் பின்னரே வரவேண்டும்.

கற்கும் முறை

பொத்தான்களின் பெயர்களை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் கிடைக்கலாம், திறன் கிட்டாது. விசிகால்க் மறைந்தது, எக்செல், கால்க் எனப் புதியவை வந்தன. கிடைவரிசை, நெடுவரிசை, வாய்பாடு என்னும் அடிப்படைகளோ மாறவில்லை. கணினி இல்லாத வீட்டு மாணவருக்கு இது எட்டாக்கனி என்பர் சிலர். லிப்ரே ஆபீஸ் போன்றவை விலையின்றிக் கிடைக்கின்றன. பள்ளி ஆய்வகக் கணினியில் வாரம் ஒரு மணிநேரம் பழகினாலும் போதும். வீட்டின் ஒரு மாதச் செலவைப் பதிவுசெய்து, ஒரு வரிசையைத் தாளில் கூட்டிச் சரிபார்க்கலாம். சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலையைப் பற்றி ஐந்தே படவில்லைகளில், ஒவ்வொன்றிலும் ஒரு கருத்து மட்டும் வைத்துப் பேசிப் பார்க்கலாம்.

இப்பயிற்சி கணினிப் பிரிவினர்க்கு மட்டும் உரியதன்று. வரலாறு படிப்பவருக்கும் வேளாண்மை செய்யப்போகிறவருக்கும் கணக்கு உண்டு. பிறரிடம் எடுத்துரைக்க வேண்டிய கருத்தும் உண்டு. உழவரின் பிள்ளை தன் வீட்டுக் கணக்கைத் தானே எழுதிச் சரிபார்க்கக் கற்றால், பிறர் கூறும் கணக்கை அப்படியே ஏற்கவேண்டிய நிலை அக்குடும்பத்திற்கு இராது.