'மாட்டு டாக்டர்' வாங்கிய மருத்துவ நோபல்: இப்போது ஏன் பேசணும்?

2024-ல் அமெரிக்கக் கறவை மாடுகளுக்கு எச்5என்1 பறவைக் காய்ச்சல் பரவியது. பண்ணைத் தொழிலாளர்கள் சிலரையும் அது தொற்றியது. மாட்டைத் தாக்கும் வைரஸ் மனிதனை நெருங்கும்போது, கால்நடை மருத்துவம் படித்த ஆய்வாளர்களின் வேலை எல்லோருக்குமான வேலை ஆகிவிடுகிறது. அதற்கு நல்ல உதாரணம் பீட்டர் டோஹெர்ட்டி.

யார் இவர்?

ஆஸ்திரேலியர். 1962-ல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றார். பிறகு ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், செம்மறி ஆடுகளின் மூளையைத் தாக்கும் வைரஸை ஆராய்ந்து 1970-ல் முனைவர் ஆனார்.

என்ன கண்டுபிடித்தார்?

வைரஸ் புகுந்த செல்லை நம் உடம்பின் 'டி' செல்கள் தேடிக் கொல்லும். எப்படிக் கண்டுபிடிக்குது? கான்பெராவில் ரோல்ஃப் ஜிங்கர்நேகலுடன் சேர்ந்து எலிகளில் சோதித்தார். வைரஸின் தடயம் மட்டும் போதாது. 'இது நம்ம செல்' என்ற அடையாளமும் கூடவே இருக்கணும் என்பது தெரிந்தது. 1996-ல் இருவருக்கும் நோபல் கிடைத்தது.

நமக்கு என்ன?

தடுப்பூசி ஆய்வு முதல் உறுப்பு மாற்று வரை இந்தப் புரிதல் உதவுகிறது. கால்நடை வைரஸ் ஆய்வுக்கான பணத்தை வெறும் பண்ணைச் செலவாகப் பார்த்து வெட்டினால், அதன் விலையை மருத்துவமனையில் மனிதர்கள்தான் கொடுக்கணும்.