சல்லடை யார் கையில்?

ஏற்காடு மலையில், மஞ்சக்குட்டை பக்கம் காபி பயிரிடும் யாரிடமாவது பேசிப் பாருங்கள். நல்ல விலை வேண்டுமென்றால் பறித்த பழத்தை அப்படியே மூட்டை கட்டினால் ஆகாது என்பார். முதலில் தண்ணீரில் கொட்ட வேண்டும். மிதப்பது சொத்தை, ஒதுக்கு. மூழ்கியதைத் தோல் உரித்துக் காயவைத்து, ஓடு நீக்கிய பிறகு வருகிறது சல்லடை. 6.65 மில்லிமீட்டர் துளையில் விழாமல் மேலே நிற்கும் கொட்டை 'ஏ' ரகம். 6 மில்லிமீட்டரில் நிற்பது 'பி' ரகம். ஒற்றையாக உருண்டிருக்கும் 'பீபெரி' தனி.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. துளையின் அளவு ஊருக்கே தெரியும். 'என் கொட்டை ஏன் பி-க்குப் போச்சு?' என்று விவசாயி கேட்டால், சல்லடையை எடுத்துக் காட்டியே ஆகவேண்டும்.

இப்போது உங்கள் இமெயிலுக்கு வருவோம். அதையும் தினமும் யாரோ சலிக்கிறார்கள். இது முக்கியம், இது விளம்பரம், இது குப்பை என்று பிரித்துப் போடுகிறார்கள். துளையின் அளவு என்ன? உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். கேட்கவேண்டும் என்றே நமக்குத் தோன்றுவதில்லை, அதுதான் என் கோபம்.

"அட போங்க சார், கடிதாசைப் பிரிக்கிறதுக்கெல்லாம் கோபமா?" என்கிறீர்களா? சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. அதன் 13-வது பிரிவு: இந்த முகவரிக்கு அனுப்புங்கள் என்று ஒரு கம்ப்யூட்டர் பெட்டியை நீங்கள் குறித்துக் கொடுத்துவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, கடிதம் அந்தப் பெட்டிக்குள் நுழைந்த நேரமே உங்களுக்குக் கிடைத்த நேரம். நீங்கள் படித்தீர்களா என்பது கேள்வியே இல்லை. 2020 ஆகஸ்ட்டில் வருமான வரித்துறை 'முகம் காணா மதிப்பீடு' என்று கொண்டுவந்தது. அதிகாரியை நேரில் பார்க்கவேண்டாம், எல்லாம் ஆன்லைனில். நல்லதுதான். ஆனால் நோட்டீஸ் வரும் வழிகளில் ஒன்று இமெயில்.

இன்னொரு பக்கம், ஜிமெயில் ஸ்பாம் என்று ஒதுக்கிய கடிதம் 30 நாளில் தானாகவே அழிந்துவிடும்.

இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். கடிதம் உங்களுக்கு வந்துவிட்டது என்கிறது சட்டம். குப்பை என்று முடிவு செய்கிறது இயந்திரம். ஒரு மாதத்தில் கொளுத்தியும் விடுகிறது. விளைவை அனுபவிக்கப்போகிறவர் மட்டும் நீங்கள். வீட்டுக்கு வரும் தபாலைப் பக்கத்து வீட்டுக்காரர் இப்படிச் செய்தால் சும்மா இருப்போமா?

நான் பி.காம். படித்தவன். முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம்: வரவு செலவை முதலில் நடப்பு ஏட்டில் எழுது, பிறகு அந்தந்தப் பேரேட்டுக் கணக்கில் ஏற்று. நடப்பு ஏடு மட்டும் வைத்துக்கொண்டு கடை நடத்துகிறவன், யார் எவ்வளவு பாக்கி என்று சொல்ல முடியாமல் முழிப்பான். இன்பாக்ஸ் நடப்பு ஏடு. ஃபோல்டர்கள் பேரேடு. நம்மில் பெரும்பாலோர் பத்து வருடமாகப் பேரேடு எழுதாமலே கடை நடத்திக்கொண்டிருக்கிறோம்.

இது இயல்பாக வந்த சோம்பேறித்தனம் இல்லை, நமக்குப் பழக்கப்படுத்தப்பட்டது. 1995 ஆகஸ்ட் 15-ல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் தந்தபோது, மலிவான கணக்கு வாங்கியவர்களுக்குக் கிடைத்தது படமே இல்லாத கறுப்புத் திரை. 'ஷெல் அக்கவுன்ட்' என்று பெயர். மவுஸுக்கு அங்கே வேலை கிடையாது. 'பைன்' என்ற மென்பொருளில் கடிதத்தைப் படித்து, 'எஸ்' என்ற எழுத்தைத் தட்டி, ஃபோல்டர் பெயரைச் சொன்னால் அது அங்கே போய் உட்காரும். காலேஜ் பையன்கள் சர்வசாதாரணமாகச் செய்தார்கள்.

2004 ஏப்ரல் 1-ல் ஜிமெயில் வந்தது. 1 ஜி.பி. இடம் இலவசம். 'அடுக்கவேண்டாம், தேடிக்கொள்' என்பதுதான் அதன் மந்திரம். எதையும் அழிக்கவும் வேண்டாம் என்றார்கள். கேட்கவா வேண்டும்? கொட்டினோம், கொட்டினோம், கொட்டிக்கொண்டே இருந்தோம். இப்போது போட்டோவும் கடிதமும் சேர்த்து 15 ஜி.பி. அது நிரம்பினால் புதுக் கடிதம் வராது. வேண்டுமா, மாதா மாதம் வாடகை கட்டு. அடுக்காதே என்று சொன்னவரே இன்று கிடங்குக்கு வாடகை கேட்கிறார்!

தேடினால் கிடைக்கும் என்பதும் பாதி உண்மைதான். இருக்கிறது என்று தெரிந்தால்தானே தேடுவீர்கள்? வந்ததே தெரியாத நோட்டீஸை எந்த வார்த்தை போட்டுத் தேடுவது?

மாற்று வழி இல்லையா? தாராளமாக இருக்கிறது. கடிதங்களை அதனதன் ஃபோல்டருக்கு அனுப்புவதற்கென்றே ஒரு சின்ன மொழி 2001-ல் இணையத் தரமாக எழுதப்பட்டது. அதன் பெயர் என்ன தெரியுமா? 'சீவ்'. தமிழில் சொன்னால், சல்லடை! 'அனுப்பியவர் முகவரியில் என் வங்கியின் பெயர் இருந்தால், வங்கி என்ற ஃபோல்டரில் போடு.' அவ்வளவுதான் ஒரு விதி. வெறும் எழுத்து. யாரும் படித்துப் பார்க்கலாம், திருத்தலாம். மஞ்சக்குட்டைச் சல்லடை மாதிரி, துளையின் அளவு கண்ணுக்குத் தெரியும்.

பழைய மூட்டைகளுக்கும் வழி உண்டு. கடிதங்களின் நகலை நம் கம்ப்யூட்டருக்கே இறக்கித் தரும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. 'எம்பிசிங்க்' அதில் ஒன்று. 'மெயில்டிர்' என்ற முறையில் ஒவ்வொரு கடிதமும் தனித்தனிக் கோப்பாக வந்து இறங்கும். பிறகு கறுப்புத் திரையில் இரண்டே கட்டளை. 'கிரெப்' என்றால் தேடு. 'எம்வி' என்றால் நகர்த்து. இரண்டையும் கோத்து ஒரு வரி எழுதினால், பள்ளிக்கூடத்திலிருந்து பத்து வருடமாக வந்த அத்தனை கடிதமும் ஒரே ஃபோல்டரில். மவுஸால் ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டால் விரல் தேயும். இறக்கிவைத்தது உங்களுடையது. மலையில் சிக்னல் போனாலும் படிக்கலாம், கம்பெனி கணக்கை முடக்கினாலும் படிக்கலாம்.

"இதெல்லாம் கம்ப்யூட்டர்காரர்கள் சமாச்சாரம்" என்பீர்கள். சரி, கறுப்புத் திரை வேண்டாம். ஜிமெயிலிலேயே 'ஃபில்டர்' என்று ஒன்று இருக்கிறது. இந்த முகவரியிலிருந்து வருவதை ஒருபோதும் ஸ்பாமுக்கு அனுப்பாதே என்று அதில் கட்டளை போடலாம். வங்கி, வரித்துறை, பிள்ளையின் பள்ளி என்று மூன்று விதி. பத்து நிமிடம் ஆகாது. சீரியல் பார்க்க நேரம் இருக்கிறது, இதற்கு இல்லையா?

"குப்பையைப் பிரிக்க இயந்திரம் வேண்டாமா?" என்று இன்னொருவர் கேட்பார். கட்டாயம் வேண்டும். லாட்டரி விழுந்தது, லோன் தருகிறேன் என்று வருவதையெல்லாம் மனிதன் உட்கார்ந்து பொறுக்க முடியாது. சொத்தையை இயந்திரம் ஒதுக்கட்டும். ஆனால் எது ஏ, எது பி என்பதை நான்தான் சொல்வேன். ஒதுக்கியதையும் ஒருமுறை நான் பார்த்த பிறகே கொட்டவேண்டும்.

அரசாங்கத்தையும் சும்மா விடக்கூடாது. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. அப்போது வந்தவற்றில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. கறுப்புத் திரை, கிரெப், எம்வி எல்லாம் அதற்குள் தயாராக இருந்தன. எத்தனை வகுப்பறையில் அதைத் திறந்து காட்டினார்கள்? கலர் கலராக ஸ்லைடு போடச் சொல்லிக்கொடுத்தோம். ஒரு விதியை எழுதி இயந்திரத்தை வேலை வாங்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. வாடிக்கையாளரைத் தயார் செய்துவிட்டு, கம்ப்யூட்டர் கல்வி என்று பெயர் வைத்தோம்.

தபால் இலாகா 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு கொண்டுவந்தது. முதல் மூன்று எண் 636 என்றால் சேலம் வட்டாரம் என்று பிரிப்பவருக்கும் தெரியும், அனுப்புகிறவருக்கும் தெரியும். எழுதிப்போட்ட விதி, எல்லோருக்கும் பொதுவான விதி. அந்தக் காகிதக் காலத்தில் இருந்த வெளிப்படை இந்தக் கம்ப்யூட்டர் காலத்தில் காணாமல் போனதை முன்னேற்றம் என்று எப்படிச் சொல்வது?

இன்றைக்கு ராத்திரி உங்கள் ஸ்பாம் ஃபோல்டரை ஒருமுறை திறந்து பாருங்கள். இருபத்தொன்பதாவது நாளில் நிற்கிற கடிதத்திலிருந்து ஆரம்பியுங்கள். நாளைக்கு அது இருக்காது.