பசுவை விட்டுவிட்டுக் காளையைச் சுடுகிறவர்கள்

ஹவாயில் காட்டுமாடு வேட்டைக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆள் கூட்டிப்போகிறார்கள் என்று சொன்னால், நம்மூரில் கேட்பவர்கள் இரண்டு கட்சியாகிவிடுகிறார்கள். ஒரு கட்சிக்கு அது பாவம். இன்னொரு கட்சிக்கு, செல்போனில் நாலு வரி படித்த புண்ணியத்தில், அது வனப் பாதுகாப்பு. நான் கால்நடைத் துறையில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் ஹிலோவில் குடியிருப்பதால் அந்தத் தீவுக்குப் போய்வருகிறேன். துப்பாக்கியைத் தொடாமல் ஒரு வேட்டைக்குப் பின்னாலேயே நடந்தும் பார்த்தேன். இரண்டு கட்சியும் தப்பு என்பது என் எண்ணம். இரண்டாவது கட்சி கொஞ்சம் கூடுதலாகவே தப்பு.

அந்த மாடு அந்த மண்ணுக்கு உரியதல்ல. 1793-இல் ஜார்ஜ் வான்கூவர் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் கலிபோர்னியாவிலிருந்து ஸ்பானிய மாடுகள் சிலவற்றை ஏற்றிவந்து கமெஹமெஹா ராஜாவுக்குக் கொடுத்தார். வழியிலேயே சில செத்துப்போக, மறு வருஷம் இன்னும் கொஞ்சம் கொண்டுவந்தார். பெருகட்டும், பத்து வருஷத்துக்கு யாரும் கொல்லக் கூடாது என்று ராஜாவிடம் கேட்டுக்கொண்டார். ராஜா 'கபு' போட்டார். கபு என்றால் மீறினால் தலை போகிற தடை. பத்து வருஷம் முடிந்தும் தடை முடியவில்லை. 1830 வாக்கில்தான் நீங்கியது. புலி கிடையாது, சிறுத்தை கிடையாது, செந்நாய் கிடையாது. மனிதன் கையையும் கட்டிப்போட்டாயிற்று. மாடு வேறென்ன செய்யும்?

அந்தத் தீவுகளுக்குத் தானாக வந்து சேர்ந்த நிலவாழ் பாலூட்டி ஒரு வௌவால் மட்டும்தான். மேய்கிற வாய் ஒன்றுமே இல்லாத இடத்தில் செடிகள் எதற்கு முள்ளைச் சுமக்கும்? அங்கத்திய ராஸ்பெரிக்கு முள் பேருக்குத்தான். புதினாக் குடும்பத்துச் செடிகளைக் கசக்கி மோந்தால் வாசமே இல்லை. அப்படிப்பட்ட காட்டில் கொம்பும் குளம்புமாக ஆயிரக்கணக்கில் மாடு இறங்கியது.

முதலில் அடிபட்டது காடுகூட இல்லை, தோட்டம். அதே தீவின் கோனா கரையோரம் குவாகினி சுவர் என்று ஒரு கல்சுவர் இன்னும் நிற்கிறது. சுமார் 6 மைல் நீளம். 1830-க்கும் 1844-க்கும் இடையில், ஆளுநர் குவாகினி காலத்தில், மாடும் மற்ற மிருகங்களும் குடியிருப்புக்குள் வராமலிருக்கக் கட்டியது. மாடு அரசர் வீட்டுச் சொத்து. கல் சுமந்தவன் சர்க்கரைவள்ளி போட்ட குடியானவன். மாட்டுக்காரன் வேலி போட வேண்டுமா, பயிர்க்காரன் போட வேண்டுமா என்ற வழக்கு நம்மூர்ப் பஞ்சாயத்துகளுக்குப் புதிதில்லை. அங்கே தீர்ப்பு பயிர்க்காரன் தலையில் விழுந்தது.

பிறகு மாடு வியாபாரமானது. சந்தன மரத்தை வெட்டித் தீர்த்துவிட்ட சமயம். திமிங்கில வேட்டைக் கப்பல்களுக்கு உப்புக்கண்டம் தேவைப்பட்டது. தோலுக்கும் கொழுப்புக்கும் விலை இருந்தது. ஜான் பார்க்கர் என்ற கப்பலோடி ராஜாவின் அனுமதியோடு மாடு சுட ஆரம்பித்து, 1847-இல் பண்ணையே போட்டுவிட்டார். மாடு மடக்கத் தெரிந்த மெக்சிகோக்காரர்களை வரவழைத்தார்கள். அவர்களிடம் கயிறு வீசக் கற்றவர்களின் பரம்பரைதான் ஹவாயின் 'பனியோலோ' குதிரைக்காரர்கள். அவர்களில் ஒருவரான இகுவா பர்டி 1908-இல் வயோமிங் வரை போய், கயிறு வீசி மாடு கட்டும் பந்தயத்தில் அமெரிக்கக் கௌபாய்களை ஜெயித்துவிட்டு வந்தார். குதிரை இல்லாதவர்கள் குழி வெட்டி, மேலே தழை பரப்பிப் பிடித்தார்கள். டக்ளஸ் ஃபிர் மரத்துக்குப் பெயர் தந்த ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் டேவிட் டக்ளஸ், 1834 ஜூலையில் அந்தத் தீவின் மவுனா கேயா மலைச் சரிவில் அப்படி ஒரு குழிக்குள் செத்துக் கிடந்தார். அதே குழியில் ஒரு காளையும் நின்றது. மேலே அவர் மூட்டையைக் காத்துக்கொண்டு அவருடைய சின்ன நாய். விழுந்தாரா, தள்ளினார்களா என்று இன்றைக்கும் அங்கே பேசுகிறார்கள்.

நான் போன வேட்டையும் அதே மலையில்தான், கிழக்குச் சரிவில் ஒரு தனியார் பண்ணை நிலத்தில். சுட வந்தவர் டெக்சாஸ்காரர், பல் டாக்டர். கட்டணம் ஆயிரக்கணக்கான டாலர். கைடு உள்ளூர்க்காரர். வயதானவர்களை அங்கே எல்லாரும் கூப்பிடுவது போல என்னை "அங்கிள்" என்றுதான் கூப்பிட்டார். பிக்கப்பை நிறுத்திவிட்டு மூடுபனிக்குள் ஏறினோம். காட்டுமாடு நம் தெருமாடு இல்லை. காற்று நம் பக்கமிருந்து அடித்தால் போதும், நாம் அதைப் பார்ப்பதற்கு முன்னாலேயே புதரை முறித்துக்கொண்டு போய்விடுகிறது. விடிந்து வெகு நேரம் வரை எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் ஈரச் சாணமும் ஆழமான குளம்படியும்தான்.

அப்புறம் ஒரு சரிவில் பசுக்கள் வந்தன. கன்றுகளோடு, நிதானமாக, சுடு தூரத்தில். பல் டாக்டர் துப்பாக்கியைத் தூக்கவில்லை. கைடும் சைகை காட்டவில்லை. கொஞ்சம் பின்னால் காளை வந்தது. கருப்பு உடம்பு, வெள்ளை முகம், திமில் கிடையாது. பழைய ஸ்பானிய ரத்தத்தில் பண்ணைச் சாதிகள் எத்தனையோ முறை கலந்ததன் அடையாளம். காதில் வளையம் இல்லை, சூட்டுக்குறி இல்லை. இரண்டு குண்டு. பெரிய துன்பமில்லாமல் விழுந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை. நம் சந்தைகளிலிருந்து லாரியில் வாலை முறுக்கி ஏற்றி, நின்றபடியே மாநிலம் தாண்டிப் போகிற மாடுகளின் கால்களைப் பார்த்தவன் நான். பாவக் கட்சிக்காரர்கள் முதலில் அந்த லாரிக்குப் பின்னால் ஒரு நாள் போய்ப் பார்க்கட்டும்.

வாயைத் திறந்து பார்த்தேன். பல் கடைசேர்ந்து தேய ஆரம்பித்திருந்தது. வயிற்றைத் திறக்காமலே நாலு காலையும் முதுகுத் தசையையும் எடுத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். நான் கேட்டதற்காகக் கைடு பெருவயிற்றைக் கீறிக் காட்டினார். (கையுறை போட்டுக்கொண்டேன். எலிக்காய்ச்சலுக்குப் பேர்போன தீவு அது.) உள்ளே பெரும்பகுதி கிக்குயூ புல், ஊட்டியில் நாம் மிதித்து நடக்கிற அதே ஆப்பிரிக்கப் புல். நடுநடுவே அரிவாள் போல வளைந்த இலைகள். கோவா மரத்தின் துளிர். கொடைக்கானலில் நாம் களை என்று வெட்டுகிற வாட்டில் மரம் ஒன்றுக்கு நெருங்கிய சொந்தம் இந்தக் கோவா. அங்கே காட்டையே தாங்கி நிற்கிற மரம் அது. பெரிய கோவாவை மாடு ஒன்றும் செய்வதில்லை. முளைத்து வருவதைத்தான் தின்கிறது. அதனால் காடு பார்க்கக் காடாகவே இருக்கும். கிழ மரங்கள் சாய்ந்ததும் வெறும் புல்வெளி ஆகிவிடும்.

அப்படியென்றால் ஒரு மாட்டைச் சுட்டது காட்டுக்கு நல்லதுதானே என்பீர்கள். இல்லை. சினைக்கணக்கு தெரிந்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒரு பொலிகாளை 25, 30 பசுக்களைச் சமாளிக்கும். நம் கிராமங்களில் ஊருக்கு ஒரு கோயில் காளை போதுமாயிருந்தது. கிழட்டுக் காளை ஒன்று விழுந்தால் அதன் இடத்துக்கு ஓரத்தில் காத்திருந்த இளங்காளை வருகிறது. அடுத்த வருஷக் கன்றுகளில் ஒன்றுகூடக் குறையாது. மந்தை குறைய வேண்டுமானால் பசுவும் கிடேரியும் போக வேண்டும். அன்றைக்கு நாங்கள் விட்டுவிட்டு நின்றோமே, அவை.

கைடிடமே கேட்டேன். மழுப்பாமல் சொன்னார்: "பசுவெல்லாம் போய்ட்டா எனக்கு ஏது அங்கிள் தொழில்? கொம்புக்குத்தான் காசு கொடுக்கிறாங்க." அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தத் தொழிலுக்கு வனப் பாதுகாப்பு என்று பட்டம் கட்டுகிறவர்கள் மேல்தான்.

வேட்டைக்கும் காட்டுக்கும் உள்ள இந்த முரணை அந்தத் தீவு ஏற்கெனவே கோர்ட்டு வரை போய்ப் பார்த்துவிட்டது. மவுனா கேயாவில் மட்டுமே வாழும் பலிலா என்ற மஞ்சள் தலைக் குருவி மாமனே மரத்தின் பச்சை விதையைத் தின்று பிழைக்கிறது. அந்த மரத்தைக் காட்டு ஆடுகளும் செம்மறிகளும் மொட்டையடித்தன. அவற்றை வேட்டைக்காரர்களுக்காக மலையில் வைத்துக் காப்பாற்றியதே மாநில அரசுதான். போதாதென்று மூஃப்ளான் என்ற காட்டுச் செம்மறியையும் 1960-களில் கொண்டுவந்து விட்டது. குருவியின் பெயரிலேயே வழக்குப் போட்டார்கள். ஆடுகளையும் செம்மறிகளையும் அகற்றச் சொல்லி 1979-இல் தீர்ப்பு வந்தது. மூஃப்ளானுக்கு இன்னொரு சுற்று வழக்கு வேண்டியிருந்தது. வேட்டைக்கு மிருகம் தேவை. மிருகம் தீர்ந்துபோவதை வேட்டை ஒருநாளும் விரும்பாது.

வேலி விஷயம் வேறு. நாங்கள் வேட்டைக்குப் போன அதே கிழக்குச் சரிவில்தான் ஹகலாவ் சரணாலயம், 1985-இல் ஏற்பட்டது. மேய்ச்சலில் மொட்டையாகிக் கிடந்த நிலத்தை வேலி கட்டி, உள்ளே இருந்த மாட்டையும் பன்றியையும் வெளியேற்றி, லட்சக்கணக்கில் கோவாக் கன்று நட்டார்கள். இன்று அங்கே தேன்குருவிகள் திரும்பி வந்து உட்காருகின்றன. ஆனால் வேலிக்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பது உள்ளூர் ஏழை வேட்டைக்காரன். பன்றியும் ஆடும் சுட்டு வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் கறி கொடுத்துவந்தவன். டெக்சாஸ்காரருக்குத் தனியார் நிலம் திறக்கிறது, இவனுக்கு அரசு நிலமும் மூடுகிறது. வேலி வேண்டும் என்கிற நான் இவனுக்கு என்ன பதில் சொல்வது? வெளியேற்றுகிற மாட்டை ஹெலிகாப்டரிலிருந்து சுட்டு அழுகவிடாமல் முதலில் அவனைக் கூப்பிடுங்கள் என்பதுதான். பக்கத்துத் தீவான மவுயியில் இறைச்சி ஆய்வாளரை அருகில் வைத்துக்கொண்டே புள்ளிமானைச் சுட்டு, முறைப்படி விற்பனைக்கு அனுப்புகிறார்கள். 1868-இல் ராஜாவுக்கு அன்பளிப்பாக ஹாங்காங் வழியாகப் போன நம் இந்தியப் புள்ளிமானின் வம்சம்தான் அது. மாட்டுக்கும் அதைச் செய்யலாம். ஆய்வும் தேவைதான், மொலகாய் தீவின் காட்டுப் பன்றிகளில் மாட்டுக் காசநோய் இருப்பது பழைய சங்கதி.

கைடுகளும் தொழில் நடத்தட்டும். கறிக்காகப் பசுவையும் சுட விடுகிற இடங்கள் இருக்கின்றன. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. காட்டைக் காக்கிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் மட்டும் விலைப்பட்டியலைக் கொஞ்சம் மாற்றட்டும்: காளை வேண்டுகிறவர் முதலில் இரண்டு பசுவைச் சுட்டுக் கறியை ஊருக்குக் கொடுக்க வேண்டும், கட்டணத்தில் ஒரு பங்கு வேலிக் கம்பிக்குப் போக வேண்டும். அதற்குப் பிறகும் டெக்சாஸிலிருந்து எத்தனை பல் டாக்டர்கள் விமானம் ஏறுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.