படம் அவளுடையது, பேச்சு அவருடையது

தோட்டச் சம்பளப் பேச்சுவார்த்தை சூடுபிடிக்கும் நாட்களில் பத்திரிகையை விரித்தால் படம் அநேகமாக ஒன்றுதான்: தலையில் கூடைக் கயிறு, கையில் கொழுந்து, பின்னால் பச்சை மலை. படத்திலிருக்கும் பெண்ணின் பெயர் அதன் கீழே இருக்காது. செய்திக்குள் இருப்பது கொழும்பில் அறிக்கை விட்ட தொழிற்சங்கத் தலைவரின் பெயர். அரசியலில் மலையகப் பெண்ணை ஊடகம் இழிவுபடுத்துகிறது என்று நான் சொல்லவில்லை. அவளைக் காட்டுகிறது, பேசத்தான் விடுவதில்லை.

2024 நவம்பர் 14 பொதுத்தேர்தலில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வி 33,346 விருப்பு வாக்குகளுடன் பாராளுமன்றம் போனார். பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல் போனார். இருவரும் ஆளுங்கட்சியான தேசிய மக்கள் சக்தி. பாராளுமன்றத்துக்குத் தெரிவான முதல் மலையகத் தமிழ்ப் பெண்கள். வாழ்த்துச் செய்திகள் குவிந்தன, குவிய வேண்டியதுதான். ஆனால் வாழ்த்து முடிந்ததும் பேனாவை மூடிவிட்டோம். லயன் அறை, காணி உரிமை, நாட்சம்பளம் என்று வந்தால் ஜீவன் தொண்டமான், திகாம்பரம் போன்ற ஆண் தலைவர்களைத் தேடி ஓடுகிற ஒலிவாங்கி, மகளிர் தினத்தன்றுதான் இவர்கள் பக்கம் திரும்புகிறது. ஆளுங்கட்சி உறுப்பினரிடம் கேட்க வேண்டிய கடினமான கேள்வியைக் கேட்காமல் விடுவது மரியாதையல்ல. அது அலட்சியத்தின் இன்னொரு வடிவம்.

இந்த அலட்சியத்துக்கு வயது அதிகம். 1930களில் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகப் போனவர் மீனாட்சியம்மாள். வெளியார் தோட்டத்துக்குள் கால் வைப்பதையே துரைமார் தடுத்த காலம் அது. எழுத்தறியாத தொழிலாளிக்குப் பாட்டுத்தான் பத்திரிகை. அதனால் அவர் அரசியலைப் பாட்டாக்கிப் பாடினார். 1940இல் அவர் வெளியிட்ட பாட்டுப் புத்தகத்தின் தலைப்பே ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’. இந்திய வம்சாவளித் தொழிலாளரை வெளியேற்றத் துடித்த இலங்கை அமைச்சர்களோடு நேருக்கு நேர் மல்லுக்கு நின்ற புத்தகம் அது. ஆனாலும் இன்றைய கட்டுரைகள் பலவற்றில் அவர் நடேசய்யரின் துணைவியார். கூட்டம் தொடங்குமுன் பாடியவர். பாட்டு நினைவிருக்கிறது, அது யாரைக் குத்தியது என்பது மறந்துபோயிற்று.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதல் பெண் பிரதமரானபோது, அழுது வாக்குக் கேட்கும் விதவை என்று எதிரணி கேலி பேசியது. மலையகத்தில் அவரை அந்தக் கண்ணீரோடு நினைப்பவர் யார்? இங்கே அவர் பெயர் 1964 ஒப்பந்தத்தோடு ஒட்டியிருக்கிறது. 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பச் சம்மதித்து, குடும்பங்களை மன்னார்க் கடலுக்கு அந்தப்புறமும் இந்தப்புறமுமாகப் பிரித்த கையெழுத்து அது. மலையகம் ஒரு பெண் தலைவரைப் பெண்ணென்று பாராமல் முழு அரசியல்வாதியாக எடைபோட்டது அவர் விஷயத்தில்தான். அதுவும் வலியால்.

பெண்ணின் அரசியலை நம்ப மறுப்பதற்குக் கேரளத்தின் மூணாறு இன்னும் கிட்டத்து உதாரணம். 2015 செப்டம்பரில் அங்கே பெரும்பாலும் தமிழ்ப் பெண்களான தோட்டத் தொழிலாளர்கள் 20 வீத போனஸ் கேட்டுச் சாலையை மறித்தார்கள். சமாதானம் பேச வந்த சங்கத் தலைவர்களையும் துரத்தினார்கள். உடனே எழுந்த கேள்வி, ‘பின்னால் யார்?’ ஆயிரக்கணக்கான பெண்கள் தாங்களாகவே கணக்குப் பார்த்துத் தெருவுக்கு வந்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை. போராட்டத்தை முன்னின்று நடத்திய கோமதியும் லிசி சன்னியும் பேட்டி கொடுத்த பிறகும் அந்தக் கேள்வி ஓயவில்லை. 2017இல் கேரள அமைச்சர் எம்.எம். மணி அந்தப் போராட்டப் பெண்களைப் பற்றிப் பேசியது இங்கே எழுதத் தக்கதல்ல.

போதாததற்குச் சென்னை சினிமா வேறு. லயத்துத் தொலைக்காட்சியில் ஓடுகிற ‘கொடி’யில் அரசியலுக்கு வந்த பெண் பதவிக்காகக் காதலனையே கொல்கிறாள், ‘சர்கார்’ படத்தில் முதலமைச்சரின் மகள்தான் வில்லி. ஆசைப்பட்ட ஆண் தலைவனாகிறான், ஆசைப்பட்ட பெண் ‘படையப்பா’ நீலாம்பரியாகிறாள். பொழுதுபோக்குத்தானே என்று தள்ளலாம். ஆனால் பிரதேச சபைக்குப் போட்டியிடும் பெண்ணைப் பார்த்து ‘இவளுக்கு எதுக்கு இந்த ஆச’ என்று பிரட்டுக்களத்தில் எழும் பேச்சுக்கு அதுவும் தீனி போடுகிறது.

பழியை நிருபர் தலையில் மட்டும் போடவும் முடியாது. சங்கத்தில் சந்தா கட்டுபவர்களில் பெண்கள் பெருவாரி. ஆனால் தோட்டத்துத் ‘தலைவர்’ என்றால் ஆண். மாதர் தலைவிக்கு மே தினத்துக்கு ஒரே நிறச் சேலையில் ஆள் திரட்டுகிற வேலை. சங்க அலுவலகத்திலிருந்து வட்ஸ்அப்பில் அறிக்கை வரும், கூடவே தலைவரின் படம் வரும். மாலைக்குள் பக்கத்தை நிரப்ப வேண்டியவருக்கு அது போதும். செங்கொடிச் சங்கத்தின் மேனகா கந்தசாமியைப் போலத் தாமே அறிக்கை விடும் பெண்கள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான்.

ஆனால் கேட்க ஆளில்லை என்று சொல்ல முடியாது. உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் என்ற சட்டம் 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. 2025 மே மாதத் தேர்தலும் முடிந்துவிட்டது. ஆகவே ஹட்டனிலும் கொட்டகலையிலும் தலவாக்கலையிலும் சபைக் கூட்டத்துக்குப் போகிற பெண் உறுப்பினர்கள் இப்போது இருக்கிறார்கள். சபையில் எந்தப் பாதைக்குப் பணம் கேட்டார், எந்தப் பிரேரணைக்குக் கை தூக்கினார் என்பதெல்லாம் கூட்ட அறிக்கையில் இருக்கும். கலைச்செல்வியும் அம்பிகாவும் பேசுவது பாராளுமன்ற ஹன்சார்டில் வரிக்கு வரி ஏறுகிறது. ஹட்டனில் இருந்துகொண்டே, காசு செலவில்லாமல் அதைப் படிக்கலாம்.