எலியின் சான்று

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது முதுமொழி. ஒரு பானையில் எடுத்த சோறு மற்றொரு பானைக்குப் பதமாகுமோ? எலிக்குப் புற்றுநோய் தந்த பொருள் மனிதனுக்கும் தரும் என அஞ்சுவோரும், எலிக்குத் தராதது மனிதனுக்கும் தராது எனத் தேறுவோரும் இதனை எண்ணுவதில்லை.

சாக்கரின் என்னும் இனிப்புப் பொருளை மிகுதியாக உண்ட ஆண் எலிகளின் சிறுநீர்ப்பையில் கட்டிகள் தோன்றின. 1977-இல் அமெரிக்க அரசு அதனைத் தடைசெய்ய முனைந்தது. பின்னர், எலியின் சிறுநீரில் உருவாகும் நுண்துகள்களே அக்கட்டிகளுக்கு வழிகோலின என்பதும், மனிதரிடம் அந்நிலை இல்லை என்பதும் தெளிவாயின. 2000-இல் அவ்வரசின் புற்றுநோய்க் காரணிப் பட்டியலினின்று சாக்கரின் நீக்கப்பட்டது.

இதனைக் காட்டி, ‘விலங்குச் சோதனையே வீண்’ என முழங்குவோர் உளர். சாக்கரினை விடுவித்தது எலியைப் புறக்கணித்தமை அன்று. எலியை மேலும் ஆராய்ந்தமையே!

மறுபுறமும் காண்க. 1895-இல் செருமானிய மருத்துவர் லுட்விக் ரேன், சாயத் தொழிலாளரிடையே சிறுநீர்ப்பைக் கட்டிகளைக் கண்டார். பின்னர் ஐயத்திற்குள்ளான பீட்டா நாப்தைலமைன் என்னும் சாயமூலப் பொருள், எலிகளின் சிறுநீர்ப்பையில் அந்நோயை விளைக்கவில்லை. 1938-இல் நாய்களிடம் விளைத்தது. ஓர் உயிரின் உடல் முறித்துவிடும் நஞ்சை மற்றோர் உயிரின் உடல் கூராக்கிவிடுகிறது. எலியை மட்டும் நம்பியிருந்தால் தொழிலாளரின் கதி என்ன?

ஆகவே, ‘எலிக்கு வந்ததா?’ எனக் கேட்பது அரைக் கேள்வி, ‘ஏன் வந்தது? ஏன் வரவில்லை?’ என்பதே முழுக் கேள்வி. விடை தெளியும்வரை காக்கப்பட வேண்டியது உழைப்பவன் உயிரே; விற்பவன் ஆதாயம் அன்று.