மிஸ்றுக்குப் போன டீச்சர்மார்



நாங்கள் ஊர் திரும்பி மூன்று கிழமையாகிறது. கொண்டுவந்த பேரீச்சம்பழம் இன்னும் எல்லா வீட்டுக்கும் பங்கிட்டு முடியவில்லை. கதை மட்டும் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. "பதினொரு பொம்புளைகள் ஆம்புளைத் துணை இல்லாம கப்பல்ல சுத்திட்டு வந்திருக்காங்களாம்" என்று ஒரு கதை. "அந்தக் காசுக்கு உம்ரா போயிருக்கலாமே" என்று இன்னொன்று. "பிர்அவ்ன்ட ஊர்ல பார்க்க என்ன கிடக்கு?" என்று ஒரு பெரியவர் பள்ளி வாசலில் வைத்தே கேட்டிருக்கிறார். எங்கள் முகத்துக்கு நேரே யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளைமாரிடமும் பிள்ளைகளிடமும்தான் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஏன் சிரமம், நாங்களே எழுதிவிடுகிறோம்.

முதலில் காசு. கலாசாலையில் ஒன்றாகப் படித்த பன்னிரண்டு பேர், மாதம் 15,000 ரூபாய் வீதம் 36 மாதம் சேர்த்தோம். சிலருக்கு டியூஷன் காசு, ஒருவருக்குத் தையல் காசு, ஒருவருக்கு வட்டிலப்பம் விற்ற காசு. யாரும் நகை அடகு வைக்கவில்லை, வீட்டுச் செலவில் கை வைக்கவில்லை. போனவர்களில் ஏழு பேர் ஏற்கனவே உம்ரா செய்தவர்கள். மற்ற நாலு பேருக்கும் நிய்யத் இருக்கிறது, இன்ஷா அல்லாஹ். ஊரில் கார் மாற்றுகிறவரிடமும் மூன்றாவது மாடி கட்டுகிறவரிடமும் "இந்தக் காசுக்கு உம்ரா போயிருக்கலாமே" என்று யாரும் கேட்டதாக நாங்கள் அறியவில்லை.

மஹ்ரம் கேள்வி அப்படிச் சிரித்துத் தள்ளக்கூடியது அல்ல. அதைப் பல இரவுகள் எங்களுக்குள்ளேயே பேசினோம். எங்கள் ஷாபிஈ மத்ஹபில், கடமையான ஹஜ்ஜுக்கு நம்பிக்கையான பெண்கள் கூட்டத்தோடு ஒரு பெண் போகலாம் என்று இருக்கிறது. அதை மற்றப் பயணங்களுக்கும் நீட்டலாமா என்பதில் உலமாக்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. பாதை பாதுகாப்பாக இருந்தால் போகலாம் என்பவர்களும் இருக்கிறார்கள், கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். நாங்கள் முதல் கருத்தை எடுத்தோம். மற்றக் கருத்தில் இருப்பவர்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை.

எங்கள் சண்டை வேறு இடத்தில். இந்த ஊரிலிருந்து எத்தனை பெண்கள் தனியே விமானம் ஏறி றியாதுக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள்? உம்மா வெளிநாட்டில், வளர்ப்பது உம்மும்மா என்ற பிள்ளை இல்லாத வகுப்பு எங்கள் ஒருவருக்கும் வாய்க்கவில்லை. மூதூர் ரிஸானா நபீக் 2005இல் போகும்போது வயது 17. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி அனுப்பினார்கள். 2013 ஜனவரி 9இல் சவூதியில் அவளுடைய தலை வெட்டப்பட்டது. இருந்திருந்தால் அவளுக்கும் இன்று எங்கள் வயதுதான். அவள் புறப்பட்ட நாளில் "மஹ்ரம் எங்கே?" என்று கேட்டவர் யார்? உழைக்கப் போகும்போது எழாத கேள்வி, ஊர் பார்க்கப் போகும்போது மட்டும் ஏன் எழுகிறது என்றுதான் கேட்கிறோம்.

இனி, பிர்அவ்னுடைய ஊரில் என்ன இருக்கிறது என்ற கேள்வி. பெரியவர் கேட்டது நல்ல கேள்வி. முன்னிருந்தவர்களின் முடிவைப் பூமியில் நடந்து பார்க்கும்படி குர்ஆன் ஒரு இடத்தில் அல்ல, பல இடங்களில் சொல்கிறது. அதை ஆண்களுக்கு மட்டும் சொன்னதாக நாங்கள் படிக்கவில்லை.

லக்ஸர் கோயிலுக்குள்ளே ஒரு பள்ளிவாசல் இருக்கிறது, அபுல் ஹஜ்ஜாஜ் பள்ளி. கோயில் மண்ணால் மூடிக் கிடந்த காலத்தில் அந்த மண்மேட்டின்மேல் கட்டியது. பிறகு மண்ணைத் தோண்டி அள்ளியபோது, பள்ளியின் பழைய வாசல் ஒன்று ஆகாயத்தில் தொங்குகிற மாதிரி மேலே நின்றுவிட்டது. உள்ளே போனால் பள்ளிச் சுவரோடு சுவராகப் பழைய தூண்கள், அவற்றில் அந்தக் காலத்து எழுத்துக்கள். பக்கத்தில் ஜமாஅத் நடக்கிறது. யாருடைய ஈமானும் குறைந்ததாகத் தெரியவில்லை. எங்கள் வரலாற்று டீச்சர் அந்த வாசலைப் பார்த்தபடியே நின்றார். மூவாயிரம் வருடம் என்று கரும்பலகையில் எழுதுவது எத்தனை அடி மண் என்று இப்போதுதான் விளங்குகிறது என்றார்.

வழிகாட்டியாக வந்த பெண்ணிடம் நாங்கள் இலங்கை என்றதும், "சரந்தீப்!" என்றார். அராபி பாஷாவை நாடு கடத்திய இடம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாராம். 1883இலிருந்து 1901 வரை 18 வருடம் அவர் எங்கள் நாட்டில்தான் இருந்தார், கொழும்பிலும் பிறகு கண்டியிலும். 1892இல் ஸாஹிரா தொடங்கியபோது சித்தி லெப்பையோடு துணை நின்றவர்களில் அவரும் ஒருவர். அந்தச் சித்தி லெப்பை 1885இல் எழுதிய அசன்பே சரித்திரத்தின் கதாநாயகன் கைரோவில் பிறந்தவன். ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று ஆண்டும் பெயருமாகப் பிள்ளைகளுக்குப் பாடமாக்கிக் கொடுக்கிறோம். அந்த ஊர்க்காரி ஒருத்தியிடம் அதைச் சொல்லி, அவர் கண் விரிவதைப் பார்க்கும்வரை அது எங்களுக்கும் வெறும் பாடம்தான்.

லக்ஸரிலிருந்து அஸ்வான் வரை 200 கிலோமீற்றர் சொச்சம், கப்பலில் நாலு இரவு. நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது, காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே வீசுகிறது. பாயை விரித்தால் தெற்கே போகலாம், சுருட்டினால் நீரோட்டமே வடக்கே கொண்டுவந்து விடும். பழைய சித்திர எழுத்தில் தெற்கே போவதற்குப் பாய் விரித்த படகு, வடக்கே போவதற்குப் பாய் இல்லாத படகு. எஸ்னா அணையின் கதவுக்காகக் கப்பல் வரிசையில் காத்து நின்றபோது எங்கள் ஷோல்கள் எல்லாம் ஒரே பக்கம் பறந்தன. புவியியல் டீச்சர் எழுந்து, "அந்தப் பக்கம் தெற்கு" என்றார். அதற்குள் சின்னப் படகுகளில் வியாபாரிகள் வந்து, மேசை விரிப்பையும் உடுப்பையும் பொலித்தீன் பையில் கட்டி மேல்தட்டுக்கு எறியத் தொடங்கிவிட்டார்கள். பிடித்தால் அதே பையில் காசை வைத்து எறிய வேண்டும். எங்கள் கணக்கு டீச்சர் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு முடித்தார். இதைத்தான் கூத்தடித்தது என்கிறார்கள் போல.

அஸ்வானில் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினோம். 1960இல் தொடங்கி 1970இல் முடிந்த பேரணைக்காக அபூ சிம்பல் கோயிலைத் துண்டு துண்டாக அறுத்து 65 மீற்றர் மேலே தூக்கி வைத்தார்கள். பிலே தீவின் கோயிலைப் பக்கத்துத் தீவுக்கு மாற்றினார்கள். அதே தண்ணீருக்காக எகிப்தின் நூபியர் சுமார் 50,000 பேர் ஊரை விட்டுப் போனார்கள். நூபியக் கிராமத்தில் ஒரு வயதான உம்மா எங்களுக்குத் தேநீர் தந்து, தன் ஊர் ஏரிக்குள் இருக்கிறது என்று கையால் காட்டினார். எங்கள் அரபு டீச்சர் மொழிபெயர்த்தார். எங்களோடு புத்தளத்திலிருந்து வந்த டீச்சர் 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட குடும்பம். அப்போது அவர் உம்மாவின் இடுப்பில் இருந்த குழந்தை. தன் கதையைச் சொன்னார். அந்த உம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: "உன் வீடு தண்ணீருக்குள்ளா?" இல்லை, சுவர் நிற்கிறது என்றார் இவர். "நிற்கிறதென்றால் ஏன் இன்னும் போய்ப் பார்க்கவில்லை?"

வந்த மறுகிழமை அவர் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மன்னாருக்குப் போய்வந்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

குறையும் சொல்ல வேண்டும். கர்னக் கோயிலுக்கு ஒரு மணித்தியாலம், பப்பிரஸ் கடைக்கும் அத்தர் கடைக்கும் அரை நாள் என்றுதான் எங்கள் டூர் போட்டிருந்தார்கள். காசு கட்டுமுன் நாள் வாரியாக எழுதித் தரச் சொல்லாதது எங்கள் பிழை. போகுமுன் வாசித்துவிட்டு வந்தவர்கள் இரண்டு பேர்தான், மற்றவர்கள் போட்டோ எடுப்பதிலேயே பாதி நேரத்தை விட்டோம். அடுத்த முறை போகிறவர்கள் வெள்ளிக்கிழமைகளில் கூடிப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

பன்னிரண்டு பேர் சேர்த்துப் பதினொரு பேர் ஏன் போனோம் என்றும் கேட்பீர்கள். 36 மாதமும் தவறாமல் கட்டியவர் அவர். விசா வந்தபிறகு, புறப்பட இரண்டு கிழமை இருக்கும்போது, புகுந்த வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஊர்க் கதைக்குப் பயந்துதான். காசிலும் ஒரு பகுதி திரும்பவில்லை. நாங்கள் வந்த இரவே அவர் வீட்டுக்குப் போனோம். போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஹத்ஷெப்சுத் அரசியின் கோயிலில் எடுத்த ஒரு சுவரில் நிறுத்தினார். "இது ஏன் இப்படிச் சுரண்டிக் கிடக்கு?"

சுமார் 20 வருடம் நாட்டை ஆண்ட பெண் என்றும், அவருக்குப் பின் வந்த மன்னர் காலத்தில் உருவத்தையும் பெயரையும் கொத்தி எடுத்தார்கள் என்றும் சொன்னோம். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். "பேரு என்னண்டு சொன்னீங்க?" என்று திரும்பக் கேட்டு, தன் போனில் எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதத்திலிருந்து மறுபடி காசு சேர்க்கத் தொடங்குகிறோம். முதல் பெயர் அவருடையது. சேர விரும்புகிற சகோதரிகள் எங்களில் யாரிடமும் பேசலாம். மற்றக் கேள்விகள் இருந்தாலும் தயவுசெய்து எங்களிடமே கேளுங்கள்.