கண்ணகிக்கு வயது 22

தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு வந்து எங்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்று 2012இல் பாமக நிறுவனர் ராமதாஸ் சொன்னார். 'நாடகக் காதல்' என்று அதற்கு ஒரு பெயரும் கிடைத்தது. ஒரு கறுப்புக் கண்ணாடிக்கு மயங்கிவிடக் கூடியவள் என்று சொந்த வீட்டுப் பெண்ணைப் பற்றி ஊரறிய மைக்கில் பேசுகிறோமே, இதைவிட அவளை வேறெவன் அவமானப்படுத்த முடியும்?

கூடவே ஒரு கோரிக்கை. 21 வயதுக்குள் காதல் திருமணம் என்றால் பெற்றோர் சம்மதம் கட்டாயமாம். பக்குவம் போதாத வயதாம். அதே பெண்ணைப் பதினெட்டு முடிந்த மறுமாதம் மாமன் மகனுக்குக் கட்டிவைத்தால் பக்குவத்தைப் பற்றி யாரும் மூச்சுவிடுவதில்லை. மொய் எழுதிவிட்டுப் பந்திக்குப் போய்விடுகிறோம். அவள் தாலி கட்டிக்கொள்ளலாம், பிள்ளை பெறலாம். இன்னாரைப் பிடித்திருக்கிறது என்று வாய் திறந்தால் மட்டும் சின்னப் பிள்ளை.

சரி, 21ஐத் தாண்டினால் விட்டுவிடுவார்களா? விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டை கண்ணகிக்கு வயது 22. வன்னியர் வீட்டுப் பெண். அவள் மணந்த முருகேசன் தலித். கெமிக்கல் எஞ்சினியரிங் படித்தவர். 2003 மே மாதம் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலையில் இருவருக்கும் விஷத்தை ஊற்றிக் கொன்று எரித்தார்கள். 18 வருஷம் கழித்து, 2021இல், கடலூர் நீதிமன்றம் அவளுடைய அண்ணனுக்குத் தூக்கும் அப்பாவுக்கு ஆயுளும் விதித்தது. தூக்கு பிறகு ஆயுளாகக் குறைந்தது. பெண்ணைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் பேசுகிறோம் என்கிறவர்கள், கண்ணகியை யாரிடமிருந்து காப்பாற்றியிருக்க வேண்டும் என்று சொல்லட்டும்.

தர்மபுரியில் தலித் இளைஞரை மணந்த வன்னியர் பெண்ணின் தகப்பனார் தூக்கில் தொங்கினாரே என்பார்கள். அந்தச் சாவு துயரம்தான், மறுக்கவில்லை. அதைக் காட்டி 2012 நவம்பர் 7 அன்று நத்தம் உள்ளிட்ட மூன்று தலித் காலனிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். அந்த வீடுகள் யாரைக் காதலித்தன?

பண்பாடு என்ற கடைசி அஸ்திரம் ஒன்று உண்டு. கடப்பாக்கத்துக்காரனிடம் அதை வீசாதீர்கள். சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனாரின் இடைக்கழிநாடு இது. கொஞ்சம் பழைய ஏடும் எங்களுக்குப் பழக்கம். உடன்போக்கில் தலைவனோடு போனவளுக்குப் பெற்றோர் கொடுக்காமலே திருமணச் சடங்கு உண்டு என்கிறது தொல்காப்பியக் கற்பியல். ஐயர் இல்லாமலே மாலை மாற்றி மணமுடிக்க 1967இல் அண்ணா ஆட்சி சட்டத்தைத் திருத்தியது. வயதுவந்த இருவர் மணக்கக் குடும்பமோ சாதியோ சம்மதிக்கத் தேவையில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இன்னும் யாரிடம் கேட்க வேண்டும்?

2013 ஏப்ரல் 25, மாமல்லபுரத்தில் வன்னியர் சங்கத்தின் சித்திரை முழுநிலவு விழா. தெற்கிலிருந்து வந்த வண்டிகள் ஈசிஆரில் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போயின. அன்று பக்கத்து மரக்காணத்தில் தலித் குடிசைகள் எரிந்தன. அடுத்த தடவை மேடை போடும்போது தலைவர்கள் கொஞ்சம் உட்காரட்டும். பிடித்தவனைக் கட்டிக்கொண்ட உங்கள் சாதிப் பெண் ஒருத்தியை ஏற்றி, மைக்கை அவள் கையில் கொடுங்கள். எங்கள் ஊர் ஆலம்பரைக் கோட்டை வரைக்கும் ஸ்பீக்கர் கட்டுங்கள், நாங்களும் கேட்கிறோம்.